புழுவில்லாத கத்தரிக்காய்

அரியாலையில் மண்ணைக் கொத்தாமல், மருந்து அடிக்காமல் தோட்டம் செய்கிறேன் என்று ஒருத்தி கிளம்பினால் ஊர் சும்மா விடுமா? பாத்தியில் ஒரு புல் நின்றாலே மானம் போனதாக நினைக்கிற சனம். நவமணி பனையோலையையும் வைக்கோலையும் பூவரசங்குழையையும் நிலம் தெரியாமல் பரப்பி, நடுவே கத்தரியும் மிளகாயும் பயற்றங்கொடியும் கலந்து நட்டபோது, "கத்தரித் தோட்டமோ, குப்பை மேடோ?" என்று பக்கத்துக் காணிக் கிருஷாந் சிரித்தான். முதல் வருசம் ஒன்றும் சரிவரவில்லை. அடுத்த வருசம் வீட்டுக் கறிக்குப் போதுமாய்க் கண்டது. மூன்றாம் வருசம் வைக்கோலை விலக்கினால் மண்புழு நெளிந்தது, செடியெல்லாம் பூச்சி தின்னும் பொறிவண்டு, காய் கொத்துக் கொத்தாகப் பிடித்தது.

காயில் புழுவும் இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. "ஓட்டையை வெட்டிப்போட்டுச் சமையுங்கோ. நஞ்சை வெட்டி எறியேலுமே?" என்பாள். தேவாலயத்துச் சனம் அந்தச் சொல்லை நம்பித்தான் வாங்கியது. எல்லாரையும்விட நம்பியவர் ரேச்சல் ரீச்சர். சிறுநீரகம் பழுதான மனுசி, சந்தை மரக்கறியைக் கையாலும் தொடமாட்டார். அந்த ஒரு சொல் இல்லையென்றால் நவமணியின் கத்தரிக்காய்க்கும் சந்தைக் கத்தரிக்காய்க்கும் என்ன வித்தியாசம்?

அறுவடைப் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலைப் பீடத்தின் முன் வைப்பார்கள், ஆராதனை முடிய ஏலம் விடுவார்கள். போன வருசம் நவமணியின் கூடையிலிருந்து ஒரு புழு புறப்பட்டு வெள்ளை விரிப்பில் சாவகாசமாக ஊர்ந்தது. பாடகர் குழுப் பெட்டைகள் பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். நவமணியும் சிரித்தாள். அவள் புருசன் ஐசாக்கால்தான் சிரிக்க முடியவில்லை. ஆண்டவருக்குச் சொத்தைக்காய் வைத்த குடும்பம் என்று நாலு பேர் சொல்லிவிட்டார்களாம். மனுசன் வருசம் முழுக்க அதை நெஞ்சில் வைத்துக் குமைந்தது அவளுக்குத் தெரியாது.

இந்த முறை ஐசாக்தான் விடிய எழும்பிப் பறித்து வந்தான். கூடை பளபளத்தது. ஒரு காயிலும் ஓட்டையில்லை.

"கண்டியே, மண் குணப்பட்டிட்டுது" என்றான்.

அவளும் பூரித்துப்போனாள், பாவி. ரேச்சல் ரீச்சர் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காமல் ஏலம் கேட்டுக் கூடையை வாங்கிக்கொண்டு போனார்.

பின்னேரம் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறப் போன நவமணி கிணற்றோரத்து வரிசையில் அப்படியே நின்றுவிட்டாள். வைக்கோல் முழுக்கப் பொறிவண்டு. எல்லாம் மல்லாந்து செத்துக் கிடந்தன. குனிந்து ஓர் இலையைக் கசக்கி மணந்தாள். அந்த மணத்தை அறியாத தோட்டக்காரர் யாழ்ப்பாணத்தில் இல்லை.

"என்னப்பா செய்தனீங்கள்?"

ஐசாக் வாளியைக் கீழே வைத்தான். "ஒரு வரிசைதான். வெள்ளிக்கிழமை நீ மரக்கறி குடுக்கப் போன நேரம், கிருஷாந்தின்ரை மெசினை வாங்கி மருந்து அடிச்சுப்போட்டு, இண்டைக்கு ஓட்டையில்லாத காயாப் பாத்துப் பொறுக்கினனான். ஆண்டவருக்கு வைக்கிறது பழுதில்லாமல் இருக்கோணுமெல்லே."

"ஆண்டவரே தின்னப்போறார்? ரீச்சரெல்லோ தின்னப்போறா!"

போட்ட சட்டையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினாள். ரீச்சரின் மகள் கிறிஸ்ரபெல் படலையைத் திறந்தாள்.

"அம்மா இப்பதான் சாப்பிட்டிட்டுப் படுத்தவ, அன்ரி."

"அந்தக் கத்தரிக்காய் மிச்சம் கிடக்கே, பிள்ளை?"

"எங்கை மிச்சம்? பாதியைப் பால்கறி வைச்சன், மிச்சத்தைப் பொரிச்சன், எல்லாம் முடிஞ்சுது. ஏன் அன்ரி?"

அவள் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வந்தாள். ஆனால் மனம் என்கிற கள்ளி கணக்குப் பார்த்தது. தின்றது தின்றாயிற்று, இனிச் சொல்லி என்ன? ஊர் முழுக்கப் போய்விடும். மூன்று வருசப் பாடு ஒரு பொழுதில் முடிந்துவிடும். நாளைக்கு ரீச்சர் எழும்பட்டும், அவருக்கே நேரில் சொல்லுவம்.

"ஒண்டுமில்லை. சும்மா வந்தனான்" என்று திரும்பிவிட்டாள்.

விடிய ரீச்சரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சத்தி எடுத்து ஓயவில்லை, வயிற்றோட்டமும். இரண்டு நாள் கிடந்து உயிர் போயிற்று. ஏற்கெனவே சிறுநீரகம் சரியில்லாத ஆள்தானே, அதுதான் என்றார்கள் டொக்டர்மார். ஒருவரும் வேறு எதையும் கேட்கவில்லை. அதுவாகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம். அந்த இருக்கலாமைத் தூக்கிக்கொண்டு நவமணியால் நடக்க முடியவில்லை.

செத்தவீட்டில் ஐசாக் பந்தல் காலைப் பிடித்தபடி நின்றான். கிறிஸ்ரபெல் நவமணியைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள்.

"கடைசியா அம்மா சாப்பிட்டது உங்கடை கத்தரிக்காய்தான், அன்ரி."

இதற்கு மேல் தாங்க ஏலாது. நவமணி அவளைத் தன் தோளிலிருந்து விலக்கி, சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கச் சொன்னாள்.

"பிள்ளை, அதுக்கு மருந்து அடிச்சுக் கிடந்தது. எனக்கு அண்டைக்குப் பின்னேரமே தெரியும். உன்ரை வாசலுக்கு வந்திட்டுச் சொல்லாமல் போனனான்."

ஏசுவாள், அடிப்பாள் என்று நவமணி காத்து நின்றாள். அந்தப் பிள்ளை ஏசவில்லை. நவமணியைப் பார்க்கக்கூட இல்லை, பெட்டிக்குள் கிடந்த தாயைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"முதல் வாயிலையே அம்மா சொன்னவ, மருந்து மணக்குது, வேண்டாமெண்டு. நான்தான், நவமணி அன்ரியின்ரையெல்லோ, அப்பிடி ஒண்டும் இராது, சாப்பிடுங்கோ எண்டு என்ரை கையாலை தீத்தி விட்டனான்."