முப்பத்தொரு டிக்

சமையலறையில் வெள்ளரிக்காய் அரிந்துகொண்டிருந்தவளுக்குக் கூடத்திலிருந்து முதல் 'டிக்' கேட்டது. கத்தி நின்றது. நாய் மெல்லும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. சிரிப்புதான் வந்தது, அதன் பின்னால் இன்னொரு 'டிக்'.

அவளை அந்த வீட்டில் எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் தொடங்கிவைத்தது, போகப்போக அண்ணனுக்கும் அண்ணிக்கும்கூட ஒட்டிக்கொண்டது. நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க யாரையாவது உட்காரவைத்து, "இதுல தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதுலயா?" என்று முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

பட்டாணி, பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய நாய். பத்தே நாளில் அவர்களுக்கு அலுத்துவிட்டது. பின்கட்டில் கட்டிப்போட்டுக் குரைக்கவிட்டார்கள். பார்க்கப் பொறுக்காமல் அத்தைதான் எங்கோ காணொளி பார்த்து ஒரு கிளிக்கர் வாங்கிவந்தாள். தீப்பெட்டியில் பாதி அளவு பிளாஸ்டிக் பெட்டி. நாய் சொன்னதைச் செய்கிற அதே நொடியில் அமுக்க வேண்டும்; அமுக்கிய கையோடு வாயில் ஒரு துண்டு வேகவைத்த கோழி. அடி கிடையாது, அதட்டல் கிடையாது. ஒரே ஒரு விதிதான். டிக் என்றால் தீனி உண்டு. கை தவறி அமுக்கிவிட்டால்கூடக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஐந்து மாதம். காலையில் கடைக்குப் போகும் முன் பத்துத் தடவை, வந்ததும் பத்துத் தடவை, விரல்விட்டு எண்ணி. பட்டாணி கைகுலுக்கியது, சக்கரம்போல் சுற்றியது, முன்னங்கால்களை மடக்கி வணக்கம் வைத்தது. துப்பாக்கிபோல் விரலை நீட்டி 'டுமீல்' என்றால் பொத்தென்று விழுந்து ஒற்றைக் கண்ணால் கோழித்துண்டைத் தேடியது. செத்தவன் கண்ணை மூட வேண்டும் என்பதை மட்டும் அதற்குப் புரியவைக்க முடியவில்லை. அத்தை தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

அண்ணனின் மேலதிகாரிக்கு நாய் என்றால் உயிர். இன்று அவரும் மனைவியும் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். அண்ணனுக்குக் கிளை மேலாளர் பதவி கையெழுத்துக்காக அவர் மேசையில் காத்திருந்தது. காலையிலேயே அண்ணன் சொல்லிவிட்டான்: "அத்தை, நாய் வித்தையை நான் காட்டிக்கறேன், நீ அண்ணிக்கு ஒத்தாசையா உள்ளயே இரு. கூட்டம் சேர்ந்தா நாய்க்குக் கவனம் சிதறும்."

பன்னிரண்டாவது டிக்கில் அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்து வாசலுக்கு வந்தாள்.

அண்ணன் கிளிக்கரைத் தொலைக்காட்சி ரிமோட்போல் நீட்டிப் பிடித்திருந்தான். அமுக்கினால் நாய் ஆடும் என்று நினைத்திருந்தான் போலும். "சுத்து" என்பான், டிக். விரலை நீட்டி "டுமீல்" என்பான், டிக் டிக் டிக். பட்டாணி எல்லாவற்றையும் செய்தது. செய்துவிட்டு ஒவ்வொரு தடவையும் அவன் கையைப் பார்த்தது. கை காலி. சரியாகச் செய்யவில்லையோ என்று இன்னும் வேகமாகச் சுற்றியது, கேட்காமலே வணக்கம் வைத்தது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"யாருய்யா பழக்கினது?" என்றார் மேலதிகாரி.

"நான்தான் சார். கொஞ்சம் கண்டிப்பு வேணும், அவ்வளவுதான்."

அத்தைக்குக் காது மடல் சுட்டது. பெருமையை அவன் எடுத்துக்கொண்டு போகட்டும். அந்த வீட்டில் அதெல்லாம் அவளுக்குப் பழகியது. மாடியறையை உனக்கு ஒழித்துத் தருகிறேன் என்று அவன் சொல்லி ஏழு வருடம் ஆகிறது. அவள் இன்னும் கூடத்தில்தான் பாய் விரிக்கிறாள். நீ ஒரு வருடம் பொறு, கண் பரிசோதனைப் படிப்பில் சேர்த்துவிடுகிறேன் என்றதும் அப்படித்தான் போனது. அவள் மனுஷி, ஏதோ சூழ்நிலை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாய் என்ன சமாதானம் சொல்லிக்கொள்ளும்?

முப்பத்தொன்றாவது டிக்குக்குப் பிறகு பட்டாணி எதுவும் செய்யவில்லை. நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அண்ணன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தான். அது உறுமியது.

"அத்தை செல்லம் குடுத்துக் கெடுத்துட்டா சார்" என்று சிரித்துக்கொண்டே காலை ஓங்கினான்.

"காலை எடு."

அவனை அவள் 'நீங்க' என்றுதான் பேசுவாள். சிறு வயதிலிருந்து அப்படித்தான். சமையலறையில் அண்ணியின் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது.

"அத்தை, உள்ள போ."

"நான் உன் தங்கச்சி. உனக்கு நான் எப்படி அத்தையானேன்?" அவன் கையிலிருந்த கிளிக்கரைக் காட்டினாள். "அந்தச் சத்தம் வெறும் சத்தம் இல்ல. தர்றேன்னு சொல்றது. முப்பத்தொரு தடவை தர்றேன்னு சொன்னே. ஒரு தடவையாவது குடுத்தியா? வாயில்லாத ஜீவன். அதுகிட்டயும் உன் வேலையைக் காட்டிட்டியே!"

"மானத்தை வாங்காதே. பெரியவங்க இருக்காங்க."

"இருக்கட்டும். பாக்கட்டும்."

மேசை நடுவில் மேலதிகாரிக்காக வைத்திருந்த முழு வறுத்த கோழியைத் தட்டோடு தூக்கினாள். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மசாலா படிந்த தோலை உரித்து ஒதுக்கிவிட்டு, உள்ளேயிருந்த வெள்ளைச் சதையை நெல்லிக்காய் அளவுக்குக் கிள்ளி நீட்டினாள்.

"ஒண்ணு."

நாய் வர யோசித்தது. பிறகு வயிற்றால் ஊர்ந்து வந்து வாங்கிக்கொண்டது.

"ரெண்டு. மூணு."

அண்ணன் மேலதிகாரியைப் பார்த்தான். அவர் தன் காலித் தட்டைப் பார்த்தார். பதினாலில் அவருடைய மனைவி எழுந்து வந்தார். புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நீங்க பழக்கினதா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமாங்க. பதினஞ்சு."

"நான் உரிச்சுத் தரேன். நீங்க எண்ணுங்க."

இருபத்தாறு வரை பட்டாணி வாங்கிக்கொண்டது. அதன் பிறகு வயிறு நிரம்பி, அவள் முழங்கால்மேல் மோவாயை வைத்துக் கண்ணை மூடிவிட்டது. அத்தை நிறுத்தவில்லை. மிச்ச ஐந்து துண்டுகளையும் எண்ணி எண்ணித் தரையில் வரிசையாக வைத்தாள், கூடத்துக்குக் குறுக்கே, வாசல்வரை.

மேலதிகாரி சாப்பிடாமலே எழுந்து, மனைவி கைகழுவி வந்ததும் கிளம்பினார். அவரை வழியனுப்ப அண்ணன் பின்னாலேயே ஓடிவந்தான். முதல் துண்டுக்கு முன்னால் சட்டென்று நின்றான். குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு, தூங்கும் குழந்தையைத் தாண்டுகிறவன்போல, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தாண்டத் தொடங்கினான்.