ஒற்றைக் கட்டில் அறை

கறித் தூளுக்கு மிளகாய் வறுத்தது நடராசாதான். பருத்தித்துறை வீதியில் ஆயுளின் பாதிக்கு மேல் இ.போ.ச. பஸ் ஓட்டிய மனிதர், ஓய்வு பெற்ற கையோடு குசினிக்குள் புகுந்து, மல்லியையும் பெருஞ்சீரகத்தையும் கருவேப்பிலையையும் தனித்தனியாகப் பதம் பார்த்து வறுத்து, பையில் கட்டிச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அச்சுவேலி மில்லுக்கு வந்திருந்தார்.

மில்காரர் ஆழ்வாப்பிள்ளை பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"என்ன நடராசா, வீட்டிலை கலியாணமோ? அஞ்சு கிலோவுக்குக் கிட்ட வரும்போலை."

"ஒரு வருசத்துக்கு வேணும் காணும். மாலைதீவிலை எங்கடை தூள் கிடைக்காது."

"ரீச்சர் ஒராள் இவ்வளவையும் திண்டு முடிப்பாவோ?"

"ரீச்சரும் நானும்."

மெசினைப் போடப் போன கை அப்படியே நின்றது. "நீரும் போறீரோ? அவ இங்கிலீசு படிப்பிப்பா. நீர் அங்கை என்ன, கடலுக்குள்ளை பஸ் ஓடப் போறீரோ?"

மா திரிக்க வந்து நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நடராசாவும் சிரித்தார்.

"அவ படிப்பிச்சுக் களைச்சு வாற நேரம் சோறு கறி ஆர் வைக்கிறது? நான்தான்."

"மனுசிக்குச் சமைக்கவெண்டு பிளேன் ஏறுற முதல் ஆம்பிளை நீர்தான் ஐசே. எதுக்கும் கவனம், அங்கையும் மீன் வெட்டத் தந்திடுவினம்."

பகிடி அவரைச் சுடவில்லை. உண்மையில் அவருக்கு அது பெருமையாகவே இருந்தது. மனைவி குணலட்சுமி வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தவள். இனிப் போதும் என்று வயதுக்கு முன்னரே ஓய்வு எடுத்தவள், வீட்டில் சும்மா இருக்கப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்திருக்க, மாலைதீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பித்து, போனிலேயே நேர்முகம் செய்து, வேலையும் எடுத்துவிட்டாள். கனடாவில் இருக்கும் மகள் துஷாந்தினி, "அம்மா, இஞ்சை வந்து பேரப்பிள்ளையைப் பாக்கிறதை விட்டிட்டு உதென்ன விளையாட்டு?" என்று கத்தினாள். நடராசாதான் மகளை அடக்கினார். "கொம்மாவுக்கு விருப்பமெண்டால் விடு பிள்ளை."

அதன் பிறகு பின்னேரங்கள் எல்லாம் வீடு பார்ப்பதில் போயின. எங்கே தங்குவது என்பதை ஆசிரியரே தெரிவு செய்யலாம் என்று அந்தப் பள்ளிக்கூடத்துச் செயலாளர் பெண் மூன்று இடங்களை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். ஒன்று மேல்வீடு. இரண்டு அறை, குசினி, துணி காயப்போட மொட்டை மாடி. இன்னொன்று துறைமுகத்தோடு ஒட்டிய வீடு. மூன்றாவது ஆசிரியர் விடுதியில் ஒரு தனி அறை. சுவரோடு ஒரு கட்டில், ஒரு மேசை, கடலைப் பார்த்த ஒரு யன்னல், அவ்வளவுதான்.

நடராசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். கிணறு எந்த மூலையில் என்று கேட்டார். அந்தத் தீவில் ஒருத்தர் வீட்டிலும் கிணற்றுத் தண்ணீர் குடிப்பதில்லை என்று அறிந்து அரை நாள் கவலைப்பட்டார். வாசல் தெற்கே பார்த்திருந்ததால் துறைமுக வீட்டைத் தள்ளினார். தனி அறையைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "உது டிப்போவிலை கொண்டக்டர்மார் படுக்கிற அறை மாதிரியெல்லே கிடக்கு." கடைசியில், "மேல்வீடுதான் சரி," என்று முடிவு சொன்னார். குணலட்சுமி ம் என்றாள். அவளுடைய 'ம்' அவருக்கு எப்போதுமே சம்மதம்தான்.

மில்லிலிருந்து வீடு வந்து சேரும்போதும் தூள் பை சூடாகவே இருந்தது. படலையைத் திறந்து சைக்கிளை உள்ளே தள்ளியபோது குணலட்சுமி கிணற்றடியில் உடுப்பு அலம்பிக்கொண்டிருந்தாள். கை ஈரமாக இருந்ததால் போனைத் துவைகல்லின் மேல் வைத்து, குரல் செய்தியைச் சத்தமாகப் போட்டிருந்தாள். செயலாளர் பெண்ணின் ஆங்கிலம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. நடராசாவுக்குப் பெரிய ஆங்கிலம் தெரியாது. ஆனால் பஸ்ஸில் எத்தனையோ வெள்ளைக்காரரை ஏற்றி இறக்கியவருக்கு இவ்வளவும் விளங்கியது.

நீங்கள் கேட்ட சிங்கிள் ரூம் உறுதியாகிவிட்டது. வன் பேர்சன் ஒன்லி. அறைக் கதவின் திறப்பு உங்களுக்காகக் காத்திருக்கும்.

அவர் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார்.

"குணம், அந்தப் பிள்ளை பிழையாய் விளங்கிப்போட்டுது," என்றார். "உடனை எடுத்துச் சொல்லும். நாங்கள் பாத்தது மேல்வீடெல்லே."

குணலட்சுமி கையில் இருந்த சேலையைப் பிழிந்து முடித்தாள். "பிழையில்லை. நான்தான் அந்த அறையைக் கேட்டனான்."

"அதிலை ஒற்றைக் கட்டில்தானே கிடக்கு? ரெண்டு பேர் எப்பிடிப் படுக்கிறது?"

அவள் திரும்பினாள். பிழிந்த சேலை கையை விட்டு வாளிக்குள் மறுபடி விழுந்தது.

"ரெண்டு பேரோ? நீங்களும் வாறியளோ?"

இத்தனை வருடத்தில் நடராசாவின் பஸ் ஒரே ஒரு தடவைதான் பிரேக் பிடிக்காமல் போனது. வல்லை வெளியில், முன்னால் ஒரு மாட்டு வண்டி. காலால் மிதிக்க மிதிக்கக் கீழே ஒன்றும் இல்லாமல் போன அந்த நொடி அவருக்கு இப்போது வந்தது.

"பின்னை?" என்றார்.

"நீங்கள் வாறன் எண்டு ஒரு நாளும் சொல்லேல்லையே!"

"சொல்ல வேணுமோ? வீடு பாத்தது ஆர்? தூள் வறுத்தது ஆர்?"

"எனக்கெண்டு பாக்கிறியள் எண்டு நினைச்சன். தூளும் எனக்கெண்டுதான் நினைச்சன். உந்த மனுசனுக்கு அளவு தெரியேல்லை எண்டு மனசுக்குள்ளை சிரிச்சனான்." அவள் குரல் உடைந்தது. "பக்கத்து வீட்டு றஜனி கேட்டவள், அண்ணையும் போறாரோ எண்டு. சீச்சீ, அவர் இந்த வீட்டை விட்டு எங்கை வரப்போறார் எண்டு சொல்லிப்போட்டன்."

"நான் மில்லிலை எல்லாருக்கும் போறம் எண்டு சொல்லிப்போட்டு வாறன்."

அச்சுவேலியில் இன்றைக்கு இரண்டு கதை உலவும் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள். நடராசா விறாந்தைக்குப் போய், தூள் பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். பையின் சூடு வேட்டிக்குள்ளால் தொடையில் இறங்கியது. அதை இறக்கி வைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

குணலட்சுமி கையைத் துடைத்தபடி வந்து படியில் இருந்தாள்.

"என்னோடை இருந்து களைச்சுப்போனீரோ?" என்று கேட்டார் அவர். கேட்டபிறகுதான் அந்தக் கேள்வியின் பாரம் அவருக்கே தெரிந்தது.

"ஐயோ, அப்பிடியில்லை." அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். "இஞ்சேருங்கோ, நான் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோ. நான் பிறந்தது இந்த நடு அறையிலை. படிச்சது இந்த விறாந்தையிலை. கலியாணம் முடிஞ்சும் இதே அறைதான். துஷாந்தினியைப் பெத்துக் கொண்டுவந்து கிடத்தினதும் இதிலைதான். இடம்பெயர்ந்து சாவகச்சேரியிலை பள்ளிக்கூடத்து மண்டபத்துக்கை கிடந்தம், அது ஷெல் எங்களுக்குத் தெரிஞ்செடுத்த இடம். திரும்பி வந்ததும் இந்த வீடுதான். சீதன வீடு இருக்கிறவள், குடுத்து வச்சவள் எண்டு சனம் சொல்லும். ஆனால் உனக்கு எங்கை இருக்க விருப்பம் எண்டு என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. அந்தப் பிள்ளைதான் முதல் முதல் கேட்டது. மூண்டு இடத்தைக் காட்டி, விருப்பமானதைத் தெரிஞ்செடுங்கோ எண்டு சொன்னது. நான் அண்டைக்கு முழுக்க நெஞ்சு இடிச்சுக்கொண்டு திரிஞ்சன்."

"மேல்வீடு பிடிக்கேல்லையோ?"

"அது நல்ல வீடு. ஆனால் அந்த அறையைப் பாத்தவுடனை எனக்கு விளங்கிப்போச்சுது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு யன்னல். வேறை ஒருத்தரின்ரை சாமானும் அதிலை இல்லை. உங்களோடை இருக்க எனக்கு விருப்பம்தான். ஆனால் ஒருக்கா என்னோடையும் இருந்து பாக்கவேணும்."

நடராசாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஆறுதலாக ஏதும் சொல்ல வேண்டும் என்று எண்ணி, இவ்வளவு நாளும் தான் மனத்தில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"உங்களுக்கென்ன, வீடு இருக்குத்தானே. நீங்கள் பாட்டுக்கு உங்கடை வீட்டிலை இருப்பியள், நான் லீவிலை வந்து போவன் எண்டுதான் நினைச்சன்."

"எந்த வீடு?"

"இந்த வீடுதான்."

"இது உம்மடை வீடு, குணம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னார்.

"தொண்டைமானாத்திலை நான் பிறந்த வீடு தங்கச்சி இராசமலருக்குச் சீதனமாய்ப் போட்டுது. அதிலை எனக்கு மனத்தாங்கல் இல்லை, நான்தான் நிண்டு எழுதிக் குடுத்தனான். இப்ப அங்கை போனால் விருந்தாளிக்கெண்டு வச்ச புதுக் கோப்பையிலை தேத்தண்ணி தருவினம். கலியாணத்தண்டு ஒரு சூட்கேசோடை இஞ்சை வந்தன். அந்தப் படலையிலை என்ன எழுதிக் கிடக்குது?"

குணலட்சுமி திரும்பிப் பார்த்தாள். பச்சைத் தகரப் படலையில், வெள்ளை எழுத்தில், அவளுடைய அப்பாவின் பெயர். அவர் இறந்து பேரப்பிள்ளைக்கும் பிள்ளை பிறந்துவிட்டது. எழுத்து மட்டும் நேற்று எழுதியது போல இருந்தது.

"வருசா வருசம் பொங்கலுக்குப் படலைக்குப் பெயின்ற் அடிக்கிறது நான். கொப்பற்றை பேரிலை படாமல், சின்னப் பிறசாலை சுத்தி அடிச்சுக்கொண்டு வருவன். நல்ல மனுசன், அழிக்க மனம் வரேல்லை. என்ரை பேரை எழுதவும் மனம் வரேல்லை. நீர் இருக்கிற இடமெண்டுதான் இது எனக்கு வீடு. நீர் இல்லாட்டி இதிலை நான் ஆர்? காவலுக்கு நிக்கிற வாச்சர்."

அந்தப் படலையை அவள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் திறந்து மூடியிருப்பாள். சின்னத் தூரிகையோடு அவர் குந்தியிருந்து பூசுவதை ஒவ்வொரு பொங்கலுக்கும் பார்த்தவள். நேரத்தை வீணாக்குகிறார் என்று ஏசியும் இருக்கிறாள். அந்தக் கை எதைச் சுற்றிச் சுற்றிப் போனது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"இவ்வளவு வருசமும் ஏன் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

தான் சற்று முன் சொன்ன அதே குறை அவர் வாயில் இருந்து வந்தபோது, அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நடராசா திகைத்துப்போனார். தூள் பையை அவசரமாக நிலத்தில் வைத்துவிட்டுப் படிக்கு இறங்கி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், அவள் பக்கத்தில் இருந்தார். துஷாந்தினி பிறந்ததற்குப் பிறகு இருவரும் அந்தப் படியில் இப்படிச் சேர்ந்து இருந்ததாக நினைவில்லை.

"அறையை விடாதையும்," என்றார் கடைசியில். "உமக்குப் பிடிச்ச அறை. நான் மில்லுக்குப் போய் எனக்கு விசா கிடைக்கேல்லை எண்டு சொல்லுறன். ஆழ்வாப்பிள்ளை ஒரு மாதம் சிரிப்பான், பிறகு மறந்திடுவான்."

"பொய் சொல்ல வேண்டாம்." அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு வெகுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணக்குப் போடும்போது இப்படித்தான் இருப்பாள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எந்தக் கணக்கு என்று தெரியவில்லை.

"முதலாந் தவணை நான் அந்த அறையிலை தனிய இருப்பன்," என்றாள். "அதை நான் விடமாட்டன். கோவிக்காதேங்கோ."

"ஓம், இரும்."

"ரெண்டாந் தவணைக்கு மேல்வீட்டை எடுத்தால்..." அவள் அவரை நேராகப் பார்த்தாள். அறுபதைத் தாண்டிய மனிதரை, புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நீங்கள் என்னோடை வந்து இருப்பியளோ?"

நடராசாவின் கலியாணத்துக்குத் தாலிக்குப் பொன்னுருக்கும் வரை பெரியவர்கள் பேசினார்கள். எந்த வீடு, எத்தனை பரப்புக் காணி, எந்தக் கிணற்றில் பங்கு என்றெல்லாம் பேசினார்கள். வந்து இருப்பாயா என்று அவரிடம் யார் கேட்டது? சூட்கேசைத் தூக்கு என்றார்கள், தூக்கினார். இப்போது சம்மதமாகத் தலையை ஆட்டினார். அது போதாது என்று அவள் காத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"ஓம். வாறன்."

"ஆனால் அதிலை சின்ன அறை எனக்கு. கதவைத் தட்டிப்போட்டுத்தான் வரவேணும்."

"தட்டினால் திறப்பீரோ?"

"அது நீங்கள் அண்டைக்குக் கொண்டுவாற புதினத்தைப் பொறுத்தது," என்றாள், மூக்கை உறிஞ்சியபடி.

அவள் துவைகல்லில் கிடந்த போனை எடுத்துவந்து, படியிலேயே இருந்து செயலாளர் பெண்ணோடு பேசினாள். மனைவியின் ஆங்கிலத்தை அவர் இவ்வளவு கிட்ட இருந்து கேட்டதில்லை. அது தயங்காமல், குதிரை போல ஓடியது. நடுவில் 'மை ஹஸ்பண்ட்' என்று ஒரு சொல் வந்தது. பிறகு மறுபடியும் வந்தது. அந்தப் பக்கத்தில் இருந்த பெண் ஏதோ கேட்க, குணலட்சுமி சிரித்துக்கொண்டு, நல்லாய்ச் சமைப்பார் என்று பொருள்படும்படி ஒன்றைச் சொன்னாள். அதுவும் அவருக்கு விளங்கியது.

பிறகு நடராசா தூள் பையைக் குசினிக்குள் கொண்டுபோய் அவிழ்த்தார். காரம் எழும்பி இருவரையும் தும்ம வைத்தது. போத்தல் ஒன்றைக் கழுவித் துடைத்து, அகப்பையால் அள்ளப் போனவருக்குக் கை ஓடவில்லை. இரண்டு பேருக்கு, மூன்று பேருக்கு, விருந்து நாளுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அள்ளுவார். ஒருத்திக்கு எவ்வளவு?

"குணம்," என்று கூப்பிட்டார். "நீர் தனிய இருந்தால் என்ன சமைப்பீர்?"

அவள் நிலைக்கதவில் சாய்ந்து நின்று யோசித்தாள். அந்தக் கேள்வி அவளுக்கும் புதிதாகவே இருந்தது.

"தெரியாது," என்றாள். "அளவாய்ப் போடுங்கோ. போதாட்டிக் கேப்பன், வரேக்கை கொண்டுவாங்கோ."