முகப்புப் படம்

செய்திக்கரை இணையதளத்தின் முகப்பில் எந்தக் கட்டுரை மேலே நிற்கும், எது கீழே இறங்கும் என்று முடிவு செய்வது கார்குழலியின் வேலை. அரசியலுக்கு வேறு ஆள் உண்டு, சிறப்புக் கட்டுரைகளுக்கு இவள்தான் ஆசிரியர். ராயபுரத்தில் இரண்டாவது மாடியில் ஆபீஸ். ஏசி போட்டால் லைட் மங்கும் லட்சணம். ஆனாலும் அங்கிருந்து அவள் ஒரு பட்டனைத் தட்டினால் லட்சம் போன்களில் தலைப்பு போய் விழும்.

அன்று காலை பத்து மணிக்கு அவள் உச்சியில் ஏற்றியது நீலாவின் கதை. பேரை மாற்றித்தான் போட்டிருந்தாள். நீலா அவளுடைய குப்பத்துக்காரி, திருவொற்றியூர்க் கடலோரம். மருமகன் மகளின் மண்டையை உடைத்தபோது, ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லாமல் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான் குற்றம். ஊர்க்கூட்டம் கூடிக் குடும்பத்தையே ஒதுக்கி வைத்தது. ஏலத்தில் மீன் கிடையாது, ஐஸ் கிடையாது, யாரும் பேசக் கூடாது. பேசினால் பேசியவருக்கும் அதே கதி. இந்தக் காலத்தில் இப்படியுமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும், ஐந்து மாதமாக நடந்துகொண்டிருக்கிறது.

பேட்டியைக் கார்குழலி தன் அம்மா சிவந்தியின் வீட்டில்தான் எடுத்தாள். ஊர் தூங்கும் மதிய நேரத்தில் நீலாவைப் பின்பக்கமாக அழைத்து வந்து உட்கார வைத்தது அம்மாதான். படத்தைக் கார்குழலியே தன் போனில் எடுத்தாள். முகம் தெரியாமல் முதுகு மட்டும். கையில் பச்சை குத்தியிருந்ததை மறைத்தாள், புடவையின் நிறத்தைக்கூட மாற்றினாள். உடன் வேலை செய்யும் சினேகா ஒரு தடவை பார்த்தாள், இவள் மூன்று தடவை பார்த்தாள்.

பத்தே முக்காலுக்கு சினேகா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அக்கா, பிச்சிக்கினு போவுது. இந்த மாசத்துலயே இதான் டாப்பு."

கார்குழலிக்கு வாயெல்லாம் பல். அப்போதுதான் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"குழலி, இன்னாத்தடி போட்டு வெச்சிக்கீற?"

"இன்னாம்மா?"

"போட்டோல நம்ம பலகை கீதுடி."

எந்தப் பலகை என்று கேட்க வாயெடுத்தவள் திரையைப் பார்த்தாள். நீலாவின் தோளுக்கு மேலே, சுவரில், பாத்திரம் அடுக்கும் பலகை. சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள், நடுவே ஒரு விரல் அகலம் வெள்ளைக் கோடு. புயலில் உடைந்துபோன அப்பாவின் படகில் மிஞ்சிய துண்டு அது. குப்பத்தில் சின்னக் குழந்தையும் தூரத்துக் கடலில் வரும் படகை வண்ணத்தை வைத்தே இன்னாருடையது என்று சொல்லிவிடும். அந்த ஊரில் பிறந்த இவளுக்குத் தெரியாதா? தெரியும். தினமும் அதிலிருந்து தட்டு எடுத்துச் சாப்பிட்டு வளர்ந்தவள், அதனால்தான் மூன்று தடவை பார்த்தும் அது கண்ணிலேயே படவில்லை.

படத்தை நீக்கினாள், கட்டுரையையே முகப்பிலிருந்து தூக்கினாள். அதற்குள் கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்திருந்தாள். நீக்கி என்ன பிரயோஜனம்? குப்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் அது அரைமணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆட்டோ பிடித்துப் போய் இறங்கியபோது மணி பன்னிரண்டு. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அம்மு, இவளோடு ஒன்றாய்ப் பள்ளிக்கூடம் போனவள், குடம் நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு நடந்தாள். "அம்மு" என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. கார்குழலி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். எழுதும்போது எத்தனை தடவை 'யாரும் பேசுவதில்லை' என்று அடித்திருப்பாள், அது இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவே இல்லை.

வீட்டில் அப்பா டில்லிபாபு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சொந்தப் படகு போனபின் அவர் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த படகின் சொந்தக்காரன், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டான்.

அம்மா வாசலிலேயே மறித்தாள். "பெரியவங்க சொல்லிட்டாங்க. நீ எழுதுனது அத்தினியும் பொய்னு, அதே எடத்துல, அதே பெருசா போடணுமாம். போட்டா வுட்டுருவாங்களாம்."

"அத்த வெச்சே நீலாக்கா பொண்ணு கேச ஒண்ணுமில்லாம பண்ணிருவாங்கம்மா."

"போட்டுரு."

கார்குழலி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். நீலாவுக்குச் சோறு போட்டு, "வுடாத, கோர்ட்டு வரைக்கும் போ" என்று தைரியம் சொன்ன அதே வாய்.

"நீதானம்மா அவங்கள இட்டாந்து உக்கார வெச்ச."

"ஆமா, நான்தான். ஒங்கப்பன் கடலுக்குப் போவாம எப்பிடிடி கெடப்பாரு? நான் மீன் கூடைய எங்க எறக்குவேன்? போட்டுரு."

"முடியாதும்மா."

அதைச் சொன்னது தான்தானா என்று அவளுக்கே திக்கென்றது. அம்மா திட்டுவாள், மார்பில் அடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தாள். அம்மா உள்ளே போய், அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து, கிழங்கா மீனைச் செதில் சீவ ஆரம்பித்தாள். "அம்மா" என்றாள். கத்தி நிற்கவில்லை. "அம்மா, இன்னா நெனச்சிக்கீற, சொல்லேன்." பெற்றவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எதிரில் ஆளே இல்லாததுபோல் எழுந்து, இவளைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் மொண்டு வந்தாள்.

கார்குழலி வெளியே வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. நாலு வாசலில் நின்றவர்கள் நாலு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தெருக்கோடியில் நீலா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கும் எட்டியிருந்தது. ஈரப் புடவையைத் தோளில் போட்டபடியே அருகில் வந்தாள்.

"சாப்ட்டியா, கண்ணு?" என்று கேட்டாள்.

அன்று அந்தத் தெருவில் கார்குழலியோடு தானாக வந்து பேசியது அவள் ஒருத்திதான்.