உயிர்ச்சேதமின்றி

பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு விழாவில் புகழ்பெற்ற பழைய மாணவர்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அண்ணன் போலீஸ் தலைவர், தங்கை அங்கேயே வேதியியல் பேராசிரியை. முன்வரிசையில் அம்மா பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"மாணவர் போராட்டத்தை உயிர்ச்சேதமின்றி அடக்கியவர்" என்று அண்ணனைப் புகழ்ந்தார் துணைவேந்தர்.

தங்கை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அன்று ஆய்வுக்கூடக் கதவை உடைத்து நுழைந்த படைக்கு அண்ணன்தான் தலைமை. அவள் கட்டிக்கொள்ள இருந்தவனை மேசைக்கடியிலிருந்து இழுத்துப் போட்டு, மண்டை பிளக்கும்வரை லத்தியால் அடித்தார்கள். அவள் அண்ணனின் காலைப் பிடித்துக் கதறினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிணத்தைச் சத்தமில்லாமல் எரித்துவிட்டு, ஆள் ஓடிவிட்டான் என்றார்கள். அம்மாவும் அதையே நம்பினாள்.

"உயிர்ச்சேதமே இல்லையாண்ணா?" என்றாள் தங்கை.

"பழசக் கிளறாத. கேமராவப் பார்த்துச் சிரி."

கேடயத்தை ஓங்கி அவன் முகத்திலேயே அடித்தாள். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. காவலர்கள் அவள் கையை முறுக்கியதில் தோள்மூட்டு கழன்றது.

"அன்னைக்கே அவனோட சேர்த்து உன்னையும் கொன்னுருக்கணும்டி!" என்று அண்ணன் கத்தினான். ஒலிபெருக்கி அதை அரங்கம் முழுக்கச் சொன்னது.

அம்மா எழுந்து மேடையேறினாள். கைக்குட்டை கேட்டு நீண்ட மகனின் கையைத் தட்டிவிட்டு, மகளை ஏற்றிய போலீஸ் வண்டியில் தானும் ஏறிக்கொண்டாள்.