முப்பத்து நாலு லட்சத்து வீடு

நாமகிரிப்பேட்டைக்கு வடக்கே நாலு கிலோமீட்டரில் இருக்கும் கோரைக்காட்டில் வீட்டு விலை ஏறியதற்கு ஊரார் பல காரணங்கள் சொல்வார்கள். நாலுவழிச் சாலை வரப்போகிறது என்பார் ஒருவர். சேலத்துக்காரர்கள் நல்ல காற்றுக்கு அலைகிறார்கள் என்பார் இன்னொருவர். உண்மையான காரணம் மோகன்குமாருக்கு மட்டும் தெரியும். காரணமே அவன்தான்.

மோகன்குமார் காலையில் மஞ்சள் மண்டியில் எடை பார்ப்பான். மதியத்துக்கு மேல் வீட்டுத் தரகு. 'இடம், வீடு, தோட்டம்' என்று அட்டை அடித்து வைத்திருந்தான். பதினேழு வருஷமாக வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒருவன் ஊருக்கெல்லாம் வீடு வாங்கிக் கொடுப்பதில் உள்ள விசேஷத்தை அவனுடைய மனைவி தேவிப்ரியா அவ்வப்போது எடுத்துச் சொல்வாள். அவனும் மறுத்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாதத்தில், மாரியப்பனின் வீட்டை சுகாதார நிலையத்து நர்ஸ் சௌமியாவுக்கு முடித்துக் கொடுத்தான். சமையலறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ், சாய்ந்த காம்பவுண்டு, தண்ணீர் பாதி வருஷம்தான். இருபத்தோரு லட்சத்துக்குப் போனது நல்ல விலை. ஆனால் மாரியப்பனின் மச்சான் ராசிபுரத்தில் தன் வீட்டை முப்பதுக்கு விற்றிருந்தார். அதனால் பத்திரம் பதிந்துவிட்டு வரும்போது மாரியப்பன் பைக்கின் பின்னாலிருந்து காதோரம் கேட்டுக்கொண்டார்.

"ஊர்ல கேட்டாங்கன்னா கொஞ்சம் சேத்திச் சொல்லு மோகனு. என்ற மச்சான் காதுக்குப் போவோணும்."

கைக்காசு செலவாகாத உதவி எதையும் மோகன்குமார் யாருக்கும் மறுப்பதில்லை. கொஞ்சம் என்றால் ஒன்று, இரண்டு. அப்படித்தான் நினைத்துக்கொண்டு பொன்னனின் டீக்கடைக்குப் போனான். அங்கே பதினோரு பேர் இருந்தார்கள். எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் வாயையே பார்த்தார்கள். தன் கல்யாணத்தன்றுகூட அவனை அப்படி யாரும் பார்த்ததில்லை. வாய் தானாகத் திறந்தது.

"முப்பத்தி நாலு" என்றான்.

கடையில் பேச்சு நின்றது. பொன்னன் காசு வாங்காமல் இன்னொரு டீ கொடுத்தார். வாங்கிய நர்ஸாவது மறுத்திருக்கலாம். ஆனால் தன் வீடு முப்பத்து நாலு பெறும் என்று ஊர் நம்பினால் அந்தப் பெண்ணுக்கு என்ன நஷ்டம்? கேட்டவர்களிடமெல்லாம் சிரித்து வைத்தாள்.

அடுத்த வாரமே பாலசுந்தரம் தன் வீட்டுக்கு முப்பத்தாறு என்றார். பட்டா இல்லாத வீட்டுக்காரர் முப்பது என்றார். கூரை இறங்கி எருக்கு முளைத்துக் கிடந்த ஒன்றுக்கு இருபத்தெட்டு. எல்லோரும் சொன்ன நியாயம் ஒன்றுதான்: மாரியப்பன் ஊடே முப்பத்தி நாலுக்குப் போச்சே. விலை கிடுகிடுவென்று ஏறியது. வீடு மட்டும் ஒன்றுகூடக் கைமாறவில்லை. பார்க்க வந்தவர்கள் விலையைக் கேட்டதும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு தரகுகூட மோகன்குமாருக்குக் கிடைக்கவில்லை. தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. பதிமூன்று லட்சத்துக்கு வாரிப் போட்டவன் தான் ஒருவன்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இந்தச் சித்திரையில் வீட்டுக்காரம்மா பொன்னாத்தாள், மோகன்குமார் குடியிருந்த வீட்டை விற்பதென்று முடிவு செய்தார்.

பொன்னாத்தாளுக்கு அறுபத்தெட்டு வயது. அந்த வீட்டின் பின்கட்டில் தனியாக இருந்தார். மூட்டுவலி. மகள் தனப்பிரியா சேலம் அஸ்தம்பட்டியில் இருந்தாள். டாக்டர் பக்கம், இங்கேயே வந்துவிடு என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டை விற்றுவிட்டு தீபாவளிக்குள் மகளிடம் போய்விட வேண்டும் என்பது பொன்னாத்தாளின் கணக்கு.

முன்கட்டில்தான் தேவிப்ரியாவின் தையல் கடை. ஐந்து மிஷின். நாலு ஊர்ப் பெண்கள் ரவிக்கைக்கு அந்த வாசலைத்தான் தேடி வருவார்கள். வேறு தெருவுக்கு மாறினால் பாதிப் பேர் வழியிலேயே வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் விற்கும் செய்தி வந்த அன்றே அவள் நகையையும் சீட்டையும் கூட்டிப் பார்த்தாள். வங்கியில் போய் விசாரித்தார்கள். எல்லாம் சேர்த்து இருபத்து நாலு லட்சம் தேறும் என்று தெரிந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்த வீட்டுக்கு அது கிட்டத்தட்டச் சரியான விலை.

"போய்க் கேளுங்க. நீங்கதான் ஊருக்கே ஊடு பேசறவராச்சே" என்று அனுப்பினாள்.

அவன் போய் உட்கார்ந்து வாய் திறப்பதற்குள் பொன்னாத்தாள் முந்திக்கொண்டார். "மாரியப்பன் ஊடே முப்பத்தி நாலுக்குப் போச்சு. நீயேதான சாமி முடிச்சுக் குடுத்த. என்ற ஊட்டுல வத்தாத கெணறு இருக்குது. முப்பத்தெட்டுக்குக் கம்மியாக் குடுத்தா ஊரு சிரிக்கும். நல்ல ஆளாப் பாத்துக் கூட்டியா. தரகு உனக்குத்தான்."

தன் பொய்யிடமே விலை கேட்டுவிட்டு வந்த மனிதனாக மோகன்குமார் வீடு திரும்பினான். தேவிப்ரியாவிடம் உண்மையைச் சொன்னான். அவள் மிஷினை நிறுத்தாமல் ஒரு ரவிக்கைக் கை முழுவதும் தைத்து முடித்தாள்.

"உங்க வாய்க்கு ஒரு தையல் போட்டிருந்தா இந்நேரம் நமக்குச் சொந்த ஊடு இருந்திருக்கும்" என்றாள். பொன்னாத்தாள் பெரியம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னாள். அவனுக்கு மனம் வரவில்லை. மாரியப்பன் மானம் போய்விடும் என்று அவளிடம் காரணம் சொன்னான். தன் மானம் போய்விடும் என்பதைத் தனக்குள் வைத்துக்கொண்டான்.

வைகாசியிலும் ஆனியிலும் ஐந்து பேர் வீடு பார்க்க வந்தார்கள். மோகன்குமாரே கூட்டி வந்து காட்டினான். அவன் வாழ்க்கையில் இவ்வளவு நேர்மையாக எந்த வீட்டையும் காட்டியதில்லை. ஐப்பசி மழையில் வாசலில் தண்ணீர் நிற்பதைச் சொன்னான். அடுத்த தோட்டத்து மயில்கள் நாலரை மணிக்கு அகவுவதைச் சொன்னான். ஜன்னல் ஒன்று கொஞ்சம் தென்மேற்காக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டபோது, இல்லை என்று சொல்லாமல் வானத்தைப் பார்த்தான். ஐந்து பேரும் போனவர்கள் போனவர்களே.

அவன் எதிர்பாராதது ஒன்று நடந்தது. பொன்னாத்தாள் விலையைக் குறைக்கவில்லை. மாரியப்பனின் ஓட்டை வீடு முப்பத்து நாலுக்குப் போயிருக்க, தன் வீட்டை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லையென்றால் வீட்டில்தான் ஏதோ குற்றம் என்று முடிவுகட்டிவிட்டார். நாமக்கல்லிலிருந்து வாஸ்துக்காரர் வந்தார். தென்மேற்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். துவைக்கிற கல்லைப் பெயர்த்துக் கிழக்கே போட்டார்கள். கடைசியாக, வீட்டின் நாலு மூலை மண்ணையும் எடுத்து ஓடுகிற ஆற்றில் கரைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாற்பது வருஷம் இந்த வீட்டில் இருந்துவிட்டுக் கடைசியில் அதைக் குற்றம் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று அந்தம்மா தேவிப்ரியாவிடம் அழுததாக அன்று சாயங்காலம் மோகன்குமாருக்குத் தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போய், அடைத்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் வீடு பேசமாட்டார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரர் ஒருவர் பார்க்க வருகிறார் என்று தனப்பிரியா சொல்லியிருந்தாள். ரிக் லாரிக்காரர்கள் விலையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இல்லை. அவர் வந்து சரி என்றுவிட்டால் தையல் மிஷின் ஐந்தையும் ஏற்றுவதற்கு மோகன்குமார் டெம்போ பிடிக்க வேண்டியதுதான்.

ஆடிப் பதினெட்டுக்கு ஜேடர்பாளையம் போவதென்று முடிவானது. வேன் பிடித்து, பொன்னாத்தாளும் மோகன்குமார் குடும்பமும், பக்கத்து வீட்டார் சிலரும் போனார்கள். அணைக்குக் கீழே காவேரி நிறைந்து போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் நிற்க இடமில்லை. மீன் வறுக்கும் வாசம் ஒரு பக்கம், மஞ்சள் வாசம் ஒரு பக்கம். தேவிப்ரியாவும் மகள் கனிஷ்காவும் தாலிக்கயிறு மாற்றும் கும்பலுக்குள் போய்விட்டார்கள்.

பொன்னாத்தாள் மடியிலிருந்து ஒரு மஞ்சத் துணி முடிச்சை எடுத்தார். "சித்த கையப் புடி சாமி. மூட்டு நிக்கமாட்டீங்குது" என்றார். மோகன்குமார் பிடித்துக்கொண்டான். முழங்கால் தண்ணீர் வரை இறங்கினார்கள். அந்தம்மா முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அவர்கள் வீட்டு மண். ஒரு மூலை மண் சிவப்பாக இருந்தது. அது பின்கட்டுச் சமையலறை மூலை என்று அவனுக்குத் தெரியும், அங்கே எலி வளை தோண்டியதை அவன்தான் அடைத்தான்.

"காவேரி ஆத்தா, என்ற ஊட்டுல என்ன குத்தம் இருந்தாலும் நீ கொண்டு போயிரு" என்று பொன்னாத்தாள் கண்ணை மூடினார்.

"குத்தம் ஊட்டுல இல்லீங்க பெரியம்மா" என்றான் மோகன்குமார். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவனுக்கே தெரிந்தது.

அந்தம்மா கண்ணைத் திறந்தார்.

"மாரியப்பன் ஊடு இருபத்தொண்ணுக்குத்தானுங்க போச்சு. முப்பத்தி நாலுன்னது நானு."

அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. மச்சான், பைக், டீக்கடை, மழைத் தண்ணீர், மயில், வானத்தைப் பார்த்தது எல்லாவற்றையும் கொட்டினான். வீட்டைத் தானே வாங்க நினைத்ததையும், இருபத்து நாலு லட்சம்தான் இருப்பதையும் சொன்னான். தண்ணீர் காலை இழுத்துக்கொண்டிருந்தது. அந்தம்மா கையை உதறிக்கொண்டு போனால் விழுந்துவிடுவாரே என்று பிடியை மட்டும் விடவில்லை.

பொன்னாத்தாள் அவன் பக்கம் திரும்பினார்.

"அப்ப என்ற ஊட்டுல குத்தம் ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமில்லீங்க."

"அந்தச் சன்னல்?"

"அதுல நல்லாக் காத்து வந்துட்டிருந்துச்சுங்க."

"அடப் படுபாவி" என்றார் பொன்னாத்தாள். ஆனால் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. முகம் தெளிந்திருந்தது. ஒரு மாசமாக, செத்துப்போன புருஷன் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டைக் குற்றவாளி ஆக்கிவிட்டோமே என்று தூக்கமில்லாமல் கிடந்ததை அவர் சொன்னார். மகள் கேட்கும்போதெல்லாம் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் போனையே எடுக்காமல் விட்டதையும் சொன்னார். பிறகு மண் முடிச்சைப் பார்த்தார். தண்ணீர் படாமல் உயர்த்திப் பிடித்து, அவிழ்த்ததை மறுபடி முடிந்தார்.

"நல்ல ஊட்டு மண்ண எதுக்கு ஆத்துல போடறது" என்று மடியில் செருகிக்கொண்டார்.

கரையேறுவதற்குள் விலை பேசி முடித்தார்கள். அந்த வீடு இருபத்தைந்து பெறும் என்று அவனே ஒத்துக்கொண்டான். இருபத்து நாலு இப்போது, மீதி ஒன்று தை அறுவடைக்குள் என்றார் அவர். இன்னொருத்தன் வந்து ஜன்னலைத் திறக்கத் தெரியாமல் நிற்பதைவிட, அடைத்ததை அறிந்தவனே இருந்துகொள் என்றார். அடைத்ததை அவன் செலவில் உடைக்க வேண்டும். பத்திரத்திலும் உள்ளது உள்ளபடி இருபத்தைந்தே எழுத வேண்டும்.

கடைசிப் படியில் நின்று திரும்பினார். "ஆனா ஒண்ணு. டீக்கடையில நாப்பதுன்னு சொல்லிப்போடோணும்."

"பெரியம்மா..."

"மாரியப்பன் ஊட்டுக்குக் கீழ என்ற ஊடு போச்சுன்னு ஒருத்தன் பேசக்கூடாது. நீ பழகுன பொய்தான, இன்னொண்ணு சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

ஆவணியில் பத்திரம் பதிந்தது. மறுநாள் காலையில் மோகன்குமார் பொன்னன் கடைக்குப் போனான். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஓரத்து பெஞ்சில் மாரியப்பன். டம்ளர்கள் கீழே இறங்கின.

"நாப்பது" என்றான் மோகன்குமார்.

இந்த முறையும் கடையில் பேச்சு நின்றது. ஆனால் அந்தப் பார்வை மரியாதைப் பார்வை இல்லை. கண்ணில் இரக்கம் இருந்தது. குடியிருந்த வீட்டுக்கு, வாசலில் தண்ணீர் நிற்கும் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தானே சொன்ன வீட்டுக்கு, ஒரு தரகன் நாற்பது கொடுத்திருக்கிறான். பாலசுந்தரம் அவன் தோளைத் தட்டி, போகட்டும் விடு என்றார். பொன்னன் இந்தத் தடவையும் காசு வாங்கவில்லை. மாரியப்பன் மட்டும் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார்.

பதினேழு வருஷம் சேர்த்த கெட்டிக்காரப் பேர் ஒரு டீயில் கரைந்து போனதை மோகன்குமார் குடித்து முடித்தான். ஆச்சரியமாக, இனித்தது.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள். பட்டா இல்லாத வீட்டுக்காரர், எருக்கு முளைத்த வீட்டுக்காரர், இன்னொருவர். நாற்பது கொடுக்கிற ஆள் ஊரில் இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும் என்று வந்திருந்தார்கள். தேவிப்ரியா மூன்று பேருக்கும் மோர் கொடுத்திருந்தாள். அவனைக் கண்டதும் முந்தானையால் சிரிப்பைப் பொத்தியபடி உள்ளே ஓடினாள்.

மோகன்குமார் அவர்களைத் திண்டாடவிடவில்லை. உட்காரவைத்து, ஒவ்வொரு வீடும் உண்மையில் எத்தனை பெறும் என்று மெதுவாகச் சொன்னான். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். எருக்கு முளைத்த வீட்டுக்காரர் மட்டும் எழவில்லை. கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒம்பதுன்னே வெச்சுக்கலாமுங்க. ஆனா வெளிய கொஞ்சம் சேத்திச் சொல்லுவீங்கல்ல?"

உள்ளே கொத்தனார் தென்மேற்கு ஜன்னலில் முதல் செங்கல்லைப் பெயர்த்தார். காற்று வந்தது.