கோட்டுக்கு வெளியே அம்மா

விசில் ஊதுகிறவளுக்குக் கோபம் வரக் கூடாதாம். போன வருடம் ரெஃப்ரி பரீட்சையில் எனக்கு மார்க் போட வந்தவர் அப்படித்தான் எழுதிவிட்டுப் போனார்: தீர்ப்பு சரி, வாய் நீளம். கோபம் வராமல் எப்படி இருக்கும்? சின்னப் பெண் பிள்ளைகள் கால்பந்து விளையாடுகிறார்கள். கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பன்மார், நான் உலகக் கோப்பையையே தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது மாதிரிக் கத்துகிறார்கள். அதில் ஒருவரோடு நானும் மல்லுக்கு நின்றேன், மார்க் போச்சு.

அதற்குப் பிறகு ஒரு வழி வைத்துக்கொண்டேன். யாராவது கத்தினால் முதல் தடவை ஓடுகிற ஓட்டத்திலேயே, "அண்ணே, பிள்ளை பந்தப் பாக்காம உங்களயவே பாக்குது" என்பேன். பாதிப் பேர் அதிலேயே அடங்கிவிடுவார்கள். இரண்டாம் தடவை அண்ணே போய் சார் வரும். அதுவரை அண்ணே என்றவள் திடீரென்று சார் என்றால், எந்த மதுரைக்காரனும் ஒரு எட்டுப் பின்னால் வைப்பான். மூன்றாம் தடவை ஆட்டத்தை நிறுத்தி, அவர் டீம் கோச்சைக் கூப்பிட்டு, ஆளை வெளியே அனுப்பச் சொல்வேன். இப்படி எத்தனையோ அப்பன்மாரை மேய்த்தாயிற்று. என் அம்மாவை மேய்க்கத்தான் வழி தெரியவில்லை.

அம்மா பாண்டியம்மாளுக்கு ஒத்தக்கடையில் இட்லிக் கடை. மேலூர் பஸ் ஹாரனையும் மீறிப் பார்சல் சொல்லிப் பழகிய தொண்டை. நான் ஊதும் ஆட்டம் ஒன்றையும் விடமாட்டாள். ஆட்டம் பார்க்க அல்ல, என்னை எவன் என்ன சொல்கிறான் என்று பார்க்க.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோச்சடை மைதானத்தில் எனக்கு மறுபடியும் பரீட்சை. மார்க் போட ராமமூர்த்தி சார் வருகிறார். தேறினால் சட்டையில் குத்த பேட்ஜும் மாநில அளவில் ஆட்டமும் கிடைக்கும். இந்தத் தடவையும் தவறினால் இனி என்னைக் கூப்பிடவே மாட்டார்கள். காலையில் வண்டியை எடுக்கும்போதே அம்மா தூக்குச்சட்டியோடு பின்னால் ஏறிவிட்டாள்.

"எம்மா, இன்னைக்கு மட்டும் வேணாம்மா."

"வாயத் தொறக்க மாட்டேன். ஓரமா நிக்கிறேன்."

"ரெஃப்ரி வீட்டு ஆளே கோட்டுல நின்னு கத்துச்சுன்னு தெரிஞ்சா அம்புட்டுத்தான். யாரு கேட்டாலும் நீ எனக்கு யாரும் இல்ல. சரியா?"

"சரி தாயி. யாரும் இல்ல. வண்டிய எடு."

கோச்சடைப் பிள்ளைகளுக்கும் விளாங்குடிப் பிள்ளைகளுக்கும் ஆட்டம். முதல் பாதி நன்றாகவே போனது. இரண்டாம் பாதியில் கோச்சடைப் பெண் ஒருத்தி உடம்போடு ஒட்டி வைத்திருந்த கையில் பந்து வந்து அடித்தது. நான் ஊதவில்லை. விளாங்குடி கோல்கீப்பர் தமிழ்வாணியின் அப்பா சோலை, குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர், குதித்துவிட்டார்.

"ஏம்மா ரெஃப்ரி! கையில பட்டது தெரியலையா? கண்ண வீட்ல வச்சுட்டு வந்தியா?"

"அண்ணே, தமிழ்வாணி உங்களயவே பாக்குது" என்றேன். அடங்கவில்லை. அடுத்த த்ரோவுக்கும் கத்தினார். "சார்" என்றேன். அதற்கும் அடங்கவில்லை.

"வீட்ல சட்டி பான கழுவுறத விட்டுட்டு விசில் ஊத வந்துட்டா!"

எனக்குச் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் கோட்டோரம் நின்ற அம்மா பல்லைக் கடிக்கவில்லை.

"ஏய்யா! யாரப் பாத்து என்ன பேசுற? பந்து வந்து கையில பட்டுச்சு, கை போயி பந்தத் தொடல! சட்டம் தெரியாதவனுக்கு எதுக்குய்யா இம்புட்டு வாயி?"

ஐயோ, போச்சு! ஓடிப்போய், "யக்கா, கொஞ்சம் அமைதியா இருங்க" என்றேன். பெற்றவளை அக்கா என்றதும் அம்மா ஒரு கணம் முழித்தாள். அதற்குள் சோலை, "நீ யாரு என்னையக் கேக்க?" என்று நெருங்கிவிட்டார். அம்மா தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். அம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினேன். விளாங்குடி கோச் சாய்பிரசாத்தைக் கூப்பிட்டு, சோலையை வெளியே அனுப்பச் சொன்னேன்.

"நான் போறேன்" என்றார் சோலை. "அந்தம்மாவும்தான கத்துச்சு? அது எந்தப் பிள்ளையோட ஆளு?"

சாய்பிரசாத் தெரியாது என்று தலையாட்டினார். கோச்சடைக் கோச்சும் தன் பக்கத்து ஆள் இல்லை என்றார். ராமமூர்த்தி சார் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"நீங்க யாரும்மா?"

"நான் யாரும் இல்ல சார்" என்றாள் அம்மா. "வாக்கிங் வந்தேன். சத்தம் கேட்டுச்சு, நின்னேன். இந்தப் பிள்ளைய எனக்குத் தெரியவே தெரியாது."

என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னாள். ஆனால் அதை அவள் வாயால் கேட்டபோது நெஞ்சை என்னவோ செய்தது. சோலை சொன்னது கூட அப்படி வலிக்கவில்லை.

"சார், இவங்க என் அம்மா" என்றேன். "கோட்டுல நின்னு சண்டை போட்டாங்க. அந்த அண்ணனோட சேந்து இவங்களும் வெளிய போகணும்."

"அடியே!" என்றாள் அம்மா. அவ்வளவுதான். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். சோலையும் பின்னாலேயே போனார்.

ஆட்டம் நின்ற இடத்திலேயே பந்தைப் போட்டு மறுபடி தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் இரண்டு தலைகள் தெரிந்தன. சோலை தன் குட்டியானையைச் சுவரோரமாய்க் கொண்டுவந்து நிறுத்தி, பின்னால் இருவரும் ஏறி நின்றிருந்தார்கள். தமிழ்வாணி ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தபோது முதலில் கைதட்டியது அம்மாதான். சோலை என் பக்கம் திரும்பி, மன்னிச்சுக்கிருங்க என்பது போல் கும்பிடு போட்டார்.

ஆட்டம் முடிந்ததும் ராமமூர்த்தி சார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வாக்கிங் வந்தேன்னதும் நான் நம்பிட்டேன் சுபலட்சுமி. நீங்க பேசாம அனுப்பியிருக்கலாமே?"

"பெத்தவள யாரோன்னு சொல்லிட்டு வாங்குற பேட்ஜ எந்த நெஞ்சுல சார் குத்துறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த மாசத்துல இருந்து மாநில ஆட்டம் போடச் சொல்றேன். நாகர்கோவில், தஞ்சாவூர்னு போக வேண்டியிருக்கும். அம்மாவக் கூட்டிட்டு வராதீங்க."

கேட்டுக்கு வெளியே அம்மா கண் சிவந்து நின்றாள்.

"என்னாலதான போச்சு?"

"போகலம்மா. கெடச்சிருச்சு. இனி ஆட்டமெல்லாம் வெளியூர்லதான்."

"என் ராசாத்தி!" என்று என் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். முறித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"வெளியூருன்னா நான் வர முடியாதே. அங்கிட்டு எவனாச்சும் உன்னயத் திட்டுனா யாருடி கேப்பா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை மைதானத்தில் எத்தனை பேர் திட்டியும் வராத அழுகை.

"யாரும் கேக்க வேணாம்மா. நான் பாத்துக்கிருவேன்."

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"நீ பாத்துக்கிருவ. எனக்குத்தான் கடையில இருப்புக் கொள்ளாது" என்றாள்.