ஐந்து நாள் தழை

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. அந்தச் செவ்வாய்க்கிழமை அது சர்வினோஸ் மேல் பாய்ந்தது.

ஐந்தாம் வகுப்பு ஜன்னலோரம் மணல் நிரப்பிய ஆழமான மரப்பெட்டி, அதில் ஒரு ஆமை. ஏப்ரலில் கிசில்கும் மணல்வெளிக்கு ஆடு ஓட்டிப்போன எங்கள் மாணவன் ஜவ்லோன் பிடித்து வந்தது. உயிரியல் எடுப்பது நான். தினம் ஒரு பிள்ளை தழை போட்டு, ஆமையைக் கவனித்து, நோட்டில் எழுத வேண்டும். ஐந்துக்கு நான் மதிப்பெண் போடுவேன். நிறைய எழுதினால் ஐந்து விழும் என்பதை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள் கெட்டிக்காரர்கள்.

சர்வினோஸ் மூன்றே வரி எழுதியிருந்தாள். ‘ஆமை தெரியவில்லை. மணலில் தடம் இல்லை. நேற்றுப் போட்ட குதிரைமசால் தழை அப்படியே காய்ந்து கிடக்கிறது.’

“என்னடி இது? நேத்து எழுதினவன் ஒரு பக்கம் எழுதியிருக்கான். உனக்கு மட்டும் கண்ணு தெரியலையா?”

“தெரியலையே அக்கா. பார்க்காததை எப்படி எழுதறது?” இங்கே பிள்ளைகளுக்கு டீச்சரும் அக்காதான்.

“வேலை செய்ய வலிக்குது, வாய் மட்டும் நீளுது. உட்காரு!”

மூன்று போட்டேன், வகுப்பேட்டிலும் ஏற்றினேன். அந்த மூன்று என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வனவிலங்கு சரணாலயத்தில் பத்து நாள் கோடை முகாம். பள்ளிக்கு ஒரு பிள்ளை, உயிரியலில் முழு ஐந்து இருக்க வேண்டும். சர்வினோஸ் குளிர்காலத்திலேயே மாமாவிடம் தொலைநோக்கி கடன் கேட்டு வைத்திருந்தாள். காது சிவக்க உட்கார்ந்தாள், அழவில்லை.

வியாழக்கிழமை துணைத் தலைமையாசிரியர் துர்திகுல் அண்ணன் என் வகுப்பைப் பார்க்க வந்தார். முகாம் பட்டியலும் அன்று மாலைதான் போக வேண்டும். பெருமையாகச் சொன்னேன், “ஜவ்லோன், ஆமையை எடுத்துக் காட்டுடா.”

அவன் பெட்டிப் பக்கம் போய் நின்றான். கை போகவில்லை. நானே எழுந்து போனேன். மணல்மேல் வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய், புதன் என்று ஐந்து நாள் தழை சருகாகக் கிடந்தது. ஓர் இலைகூடக் கடிபடவில்லை. முழங்கை வரை தோண்டியபோது ஓடு தட்டுப்பட்டது.

“செத்துப்போச்சா அக்கா?” என்றான் ஜவ்லோன்.

“தூங்குதுடா.”

கோடை வெயில் ஏறினால் இந்த மணல்வெளி ஆமை மண்ணுக்குள் போய்விடும், அடுத்த வசந்தத்துக்குத்தான் வெளியே வரும். இருபத்திரண்டு வருஷமாக நானே பலகையில் எழுதும் பாடம். மணலை மூடிவிட்டு நோட்டைப் பிரித்தேன். ‘ஆர்வமாகத் தின்றது.’ ‘மூன்று சுற்று சுற்றியது.’ ‘தலையை நீட்டி என்னைப் பார்த்தது.’ கடைசியது புதன்கிழமை ஜவ்லோன் எழுதியது. இவை எல்லாவற்றுக்கும் கீழே என் கையால் ஐந்து.

“உன்னைப் பார்த்துச்சா?”

“இல்லக்கா.” தரையைப் பார்த்துச் சொன்னான். “அவளுக்கு மூணு போட்டீங்களே. அப்புறம் நான் எப்படித் தெரியலன்னு எழுதுவேன்?”

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. தினமும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் நாற்காலிக்குப் போகிறேன். நான் படித்தது நோட்டை மட்டும்.

மணி அடித்ததும் வகுப்பேட்டை எடுத்தேன். துர்திகுல் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “ஏட்டுல திருத்தினா விளக்கக் கடிதம் ஒட்டணும். அடுத்த மாசம் உங்க ஆசிரியர் தரத் தேர்வு வேற. எதுக்கு வம்பு? திரும்ப எழுதிக் காட்டினாள்னு ஒரு வரி போட்டுடுங்க.”

“ஏண்ணே, நானும் ‘தலையை நீட்டி என்னைப் பார்த்தது’ன்னு எழுதணுமா?”

அவர் சிரித்துவிட்டார். நான் எழுதினேன்: ‘மாணவி கண்டதைச் சரியாக எழுதினாள். நான் பெட்டியைப் பார்க்காமல் மூன்று போட்டேன். தவறு என்னுடையது.’ ஏட்டில் மூன்றை ஐந்தாக்கி, கடிதத்தில் கையெழுத்திட்டு ஒட்டினேன். முகாம் பட்டியலில் சர்வினோஸ் பெயர் ஏறியது.

அன்றைய குறிப்பை அவளையே எழுதச் சொன்னேன். பெட்டி முன்னால் வெகுநேரம் குனிந்து நின்றாள். பிறகு நோட்டை என்னிடம் நீட்டினாள், முகத்தில் சிரிப்பில்லை.

‘ஆமை தூங்குகிறது. தழை தேவையில்லை. டீச்சர் இன்று பெட்டியைப் பார்த்தார்.’

மூன்றே வரிதான். ஐந்து போட்டேன்.